எதிரணிக்குத் தண்ணீர்

டாலிகஞ்ச், கொல்கத்தா
பிப்ரவரி 3

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாள் சகுந்தலா அவர்களுக்கு,

விஜயலக்ஷ்மி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே உங்கள் சர்க்கரை, சம்பந்தியின் ரத்தக்கொதிப்பு, ரோஹிணியின் மனசு மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும்.

வீட்டுக்கு எழுதாமல் நீங்கள் வேலை பார்க்கும் தபாலாபீசுக்கே எழுதுகிறாளே என்று திகைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்தால் முதலில் சம்பந்தி கையில்தான் சிக்கும். போன் பண்ணினால் நீங்கள் எடுப்பதில்லை. எடுக்க விடுவதில்லை என்று நினைத்துக்கொள்கிறேன், அப்படி நினைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. இங்கேயும் அதே கதைதான். ரோஹிணி பெட்டியோடு ஊருக்குக் கிளம்பிய மறுநாளே ரஞ்சன் நியூ டவுனிலிருந்து வந்து உட்கார்ந்தான். "மா, இனிமே அந்தப் பக்கம் பேச்சே கூடாது. வக்கீல் ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்கார்" என்றான். என் போனை வாங்கி உங்கள் எண்ணை நீக்கிவிட்டான். எனக்கு அது மனப்பாடம் என்பது அவனுக்குத் தெரியாது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் பாலிசி எண்களோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

பிள்ளைகள் பிரிவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு ஹெட்போனுக்குள் குடியிருந்தார்கள். சண்டையாவது போட்டிருந்தால் நாம் போய் சமாதானம் செய்திருக்கலாம். பிரியட்டும். நான் கேட்பது வேறு. ஜூலை வருகிறதே, நாம் என்ன செய்யப் போகிறோம்?

நாம் இந்தச் சைக்கிள் பந்தயத்தில் விழுந்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. ரோஹிணி மழைத்தண்ணீரில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து என் வீட்டில் கட்டோடு படுத்திருந்த ஜூலை. அவளைப் பார்த்துக்கொள்ள நீங்கள் வந்தீர்கள். பெண்ணைப் பெற்றவள் சோபாவின் ஒரு முனையில், பிள்ளையைப் பெற்றவள் மறுமுனையில், இரண்டு பேரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு. ரஞ்சன் ஏதோ விளையாட்டுச் சானலை வைத்துவிட்டுப் போயிருந்தான். பிரான்சில் யாரோ கூட்டமாகச் சைக்கிள் விட்டார்கள். ரிமோட் உங்கள் பக்கம் கிடந்தது. சம்பந்தி அம்மாள் பிரியமாகப் பார்க்கிறார், மாற்றச் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று நான் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரி பார்ப்பதை வந்தவள் மாற்றுவதா என்று நீங்கள் ரிமோட்டைத் தொடவில்லை. மறுநாள் உங்களுக்குப் பிடிக்குமே என்று நானே அந்தச் சானலைத் தேடி வைத்தேன். எனக்குப் பிடிக்குமே என்று நீங்கள் காபியோடு வந்து உட்கார்ந்தீர்கள். உண்மை வெளியே வந்தபோது பந்தயம் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டிருந்தது. நாமும் பைத்தியமாகிவிட்டிருந்தோம்.

போன ஜூலையில் ஆடிச் சீரை நீங்களே ரயிலில் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். கூரியரில் போட வேண்டிய சீர்! பந்தயம் பார்க்கத்தான் வந்தீர்கள் என்று ரோஹிணிக்குக்கூடத் தெரியும். நாம் ஒட்டடைக்குச்சி என்று பேர் வைத்த அந்த ஒல்லிப் பையன்தான் ஜெயிப்பான் என்று நீங்கள் சொன்னீர்கள், ஜெயித்தான். ஆனால் நம் இரண்டு பேருக்கும் உயிர் அவன் மேல் இல்லை. அவனுக்காகக் காரிலிருந்து பாட்டில் பாட்டிலாக வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருகிற அந்தத் தண்ணிக்காரர் மேல்தான்.

இந்த வருஷம் நான் அந்தச் சோபாவில் தனியாக உட்கார மாட்டேன். சொல்லிவிட்டேன். பதில் போடவும்.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரை உங்கள் சம்பந்தி,
விஜயலக்ஷ்மி


கோவில்பட்டி
பிப்ரவரி 14

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். இறைவன் அருளால் இங்கு யாவரும் சௌகரியம். தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

கடிதம் கிடைத்தது. தபாலாபீசில் இருப்பவளுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. வருவதெல்லாம் மேலிடத்துச் சுற்றறிக்கைகள். போஸ்ட்மேன் வாஞ்சிநாதன் உறையை என் மேசையில் வைத்து, "மேடம், உங்களுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ரோஹிணி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். சென்னையில் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். ரோஹிணி அப்பா அவர்களுக்குத்தான் கோபம் தணியவில்லை. வீட்டில் தங்கள் பெயரை எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். அதனால் பெயரை எடுப்பதில்லை.

ஜூலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது எதுவும் சொல்வதற்கில்லை.

தண்ணிக்காரர் முதுகு ஆபரேஷன் முடிந்து சின்னப் பந்தயங்களில் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். மதியம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தேன். மெலிந்திருக்கிறார். தங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் எழுதத் தோன்றியது.

இப்படிக்கு,
ந. சகுந்தலா


டாலிகஞ்ச்
மார்ச் 9

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

சுகம்தானே? ஒத்தடம் கொடுக்கிறேன். கொடுக்கும்போதெல்லாம் உங்களை நினைக்கிறேன், ஏனென்றால் கையைச் சுட்டுக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. போன மாதக் கடைசி ஞாயிறு ரஞ்சன் ஒரு காகிதத்தோடு வந்தான். நான் கோர்ட்டில் கொடுக்க வேண்டிய வாக்குமூலமாம். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிகூடப் போட்டுக் கொண்டுவந்திருந்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். ரோஹிணி எனக்குச் சோறு போடாமல் பட்டினி போட்டாளாம். குளியலறையில் என்னைத் தள்ளிவிட்டாளாம். அதில்தான் என் முழங்கால் போயிற்றாம். டல்ஹௌசி ஆபீசுக்கு மினிபஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்து தேய்ந்த முழங்கால் இது. அந்தப் பெருமையை எடுத்து மருமகளுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

"இதை யாருடா எழுதினது?"

"மா, ப்ளீஸ். இது ஒரு ஃபார்மாலிட்டி. எல்லா கேஸ்லயும் இப்படித்தான் எழுதுவாங்க."

"அவ என்னைத் தள்ளினாளா?"

"தள்ளலை. ஆனா..."

"ஆனா என்னடா ஆனா?"

அவனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "நீ எனக்கு அம்மாவா, அவளுக்கு அம்மாவா?" என்று கேட்டான்.

"உனக்குத்தான் அம்மா. அதனாலதான் பொய்க் கையெழுத்து போட மாட்டேன். நாளைக்கு நீ வேற யாருக்காவது இப்படிச் செய்யும்போது எங்கம்மாகிட்ட கத்துக்கிட்டேன்னு சொல்லக் கூடாது."

காகிதத்தை மடித்து அவன் பையிலேயே வைத்தேன். செய்து வைத்த அவியலைத் தொடாமல் போய்விட்டான். இரண்டு ஞாயிறாகிறது, வரவில்லை. எதிர் ஃபிளாட் வங்காளிப் பெண் ஸ்மிதா வந்து, "மாஷிமா, பையன் வரலையா?" என்று துருவினாள். வேலை அதிகம் என்றேன். பிள்ளைக்காக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கவலைப்படாதீர்கள். என் பேனா அந்தக் காகிதத்தின் பக்கம் போகாது.

இப்படிக்கு,
விஜயலக்ஷ்மி


கோவில்பட்டி
மார்ச் 20

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். யாவரும் சௌகரியம். தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. விவரம் அறிந்தேன். இங்கு வெயில் ஆரம்பித்துவிட்டது. நிதியாண்டு முடிவதால் ஆபீசில் வேலை அதிகம்.

ஒரு சந்தேகம். மலைநாட்களில் கடைசியில் வருகிற கூட்டத்தில் ஒரு டீம்காரன் இன்னொரு டீம்காரனுக்குத் தண்ணீர் கொடுக்கிறானே, அதைப் பார்த்து அவனுடைய டீம் அவனைக் கோபித்துக்கொள்ளாதா?

இப்படிக்கு,
ந. சகுந்தலா


டாலிகஞ்ச்
ஏப்ரல் 2

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்பதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் இரண்டு பக்கத்துக்குப் பொங்கி எழுதினால் "விவரம் அறிந்தேன்" என்று பதில் போடுகிறீர்கள். மணியார்டர் வந்ததற்குக்கூட அதைவிட நீளமாக எழுதுவார்கள்.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி எனக்கு விளக்கியவரே நீங்கள்தான், மறந்துவிட்டதா? பாரமான உடம்புக்காரர்கள், விழுந்து அடிபட்டவர்கள், மற்றவனுக்கு உழைத்துக் களைத்தவர்கள் எல்லோரும் பின்னால் ஒன்று சேர்ந்து மலையேறுவார்கள், அதற்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் பஸ் என்று சொன்னீர்கள். முதலில் வந்தவனுக்குப் பிறகு குறித்த நேரத்துக்குள் வந்து சேராதவன் மறுநாள் ஓட்ட முடியாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தனியாக வருகிறவன் மாட்டிக்கொள்வான். ஒன்றாக வந்தால் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கித் தப்பித்துவிடலாம். எல்லோரும் சேர்ந்தே தாமதமாக வந்தால்கூட நடுவர்கள் சில சமயம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். அத்தனை பேரையும் துரத்திவிட்டால் மறுநாள் யாரை வைத்துப் பந்தயம் நடத்துவது?

இவர்களுக்கும் பின்னால் அந்தத் துடைப்ப வண்டி வரும். இனி முடியாது என்பவன் அதில் ஏறிக்கொள்ளலாம். ஏறினால் முதுகில் இருக்கிற நம்பரைக் கழற்றிவிடுவார்கள்.

போன வருஷம் தண்ணிக்காரர் தன் கடைசி பாட்டிலை யாருக்குக் கொடுத்தார்? காலையில் அவரை முழங்கையால் இடித்தானே, அந்தப் பச்சைச் சட்டைக்காரனுக்கு. நீங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நானும்தான் அழுதேன், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர் டீம் மேனேஜர் நிச்சயம் கோபித்துக்கொண்டிருப்பான். கோபித்துக்கொள்ளட்டுமே! அவன் காரில் உட்கார்ந்து வருகிறவன். மலையேறுகிறவன் அவனா?

இங்கே கரியாஹாட் போகிற பெரிய ரோட்டில் சைக்கிள் விட்டால் போலீஸ்காரன் பிடிக்கிறான். பிரான்சில் சைக்கிளுக்காக ரோட்டையே மூடுகிறார்கள். நாம் தவறான ஊரில் பிறந்துவிட்டோம்.

நீங்கள் எதற்காக அந்தக் கேள்வி கேட்டீர்கள்? உள்ளதை எழுதவும்.

இப்படிக்கு,
விஜயலக்ஷ்மி


டாலிகஞ்ச்
மே 18

சகுந்தலா அவர்களுக்கு,

ஏப்ரலில் எழுதியதற்குப் பதில் இல்லை. மே முதல் வாரம் இன்னொன்று எழுதினேன், அதற்கும் இல்லை. தபாலாபீசிலேயே தபால் தொலைகிறது என்று என்னை நம்பச் சொல்கிறீர்களா?

நேற்று புயல்மழை. ரஞ்சன் நனைந்துகொண்டு வந்தான். அத்தனை நாள் கழித்து வந்த பிள்ளை, துண்டைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போனை நீட்டினான். உங்கள் பக்கத்து வக்கீல் அனுப்பிய செய்தி. நான் நகை கேட்டு ரோஹிணியைக் குத்திப் பேசினேனாம். கால் கட்டோடு அவளைத் தரை துடைக்க வைத்தேனாம். இதற்குப் பெண்ணின் தாயார் கையெழுத்து போட்ட வாக்குமூலம் வரப்போகிறதாம். "இப்பவாவது போடுவியா? அவங்க ஒண்ணும் உனக்காகப் பார்க்கலையே" என்றான்.

"அவங்க கையெழுத்தை என் கண்ணால பார்க்கணும். பார்த்தாலும் நான் போட மாட்டேன்" என்றேன்.

அவன் எதிரில் திமிராகச் சொல்லிவிட்டேன். ஆனால் உள்ளே எரிகிறது. நான் மற்றவர்களுக்குக் கோபக்காரி. உங்களுக்கு முன்னால் மட்டும் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு கேள்வி. கையெழுத்து போட்டீர்களா, இல்லையா? விவரம் அறிந்தேன் என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

விஜயலக்ஷ்மி


கோவில்பட்டி
ஜூன் 2

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

போன கடிதத்தில் தாங்கள் சுகம் விசாரிக்கவில்லை. அதனால் நான் முதலில் விசாரிக்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

இல்லை. நான் போடவில்லை.

தாங்கள் தங்கள் பக்கத்துக் காகிதத்தைப் பற்றி எழுதிய அதே வாரம் எங்கள் பக்கத்துக் காகிதமும் வந்துவிட்டது. சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். கட்டுக்குள்ளே அரிக்கிறது என்று ரோஹிணி அழுதபோது தாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்துவிட்டது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காலைத்தான் தரை துடைக்க வைத்ததாக எழுதியிருந்தார்கள்.

அவர்களும் என் தம்பி தமிழரசனும் எதிரே உட்கார்ந்துகொண்டார்கள். "பொண்ணப் பெத்தவதானட்டி நீ? அவளுக்காக ஒரு கையெழுத்து போட மாட்டியா?" என்று கேட்டார்கள். தினமும் கேட்டார்கள். தங்களைப் போல நான் உடனே மறுக்கவில்லை. பெண்ணுக்கு நல்லது நடக்கும் என்று சொல்லும்போது மறுப்பதற்கு வாய் வரவில்லை. துடைப்ப வண்டியின் கதவு என் பக்கத்திலேயே திறந்திருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் என்னை விட்டுவிடுவார்கள். ஒரு நாள் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். போட்டுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்த நாட்களில் தங்களுக்கு எந்த முகத்தோடு எழுதுவது? தங்கள் கடிதங்கள் வந்தன. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அன்று பேனாவோடு உட்கார்ந்திருந்தபோது ரோஹிணி வந்து காகிதத்தை எடுத்துப் படித்தாள். அவளுக்கு அதுவரை யாரும் காட்டவில்லை.

"எப்பா, இதுல இருக்கிறது ஒண்ணுகூட நடக்கல. அத்தையா என்னையத் தரை தொடைக்க வச்சாங்க?"

"நடந்துச்சா இல்லையான்னு கோர்ட்டு பாத்துக்கிடட்டும். நீ உள்ள போ."

அதற்குப் பிறகு எனக்குக் கஷ்டமாக இல்லை. பேனாவை மூடினேன். "நான் நாள் பூரா கையெழுத்து போடுறவ. ஒண்ணுகூட பொய்யாப் போட்டதில்ல. இதயும் போட மாட்டேன்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவர்களை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை என்று தம்பி சொல்கிறான். இருக்கலாம்.

அன்றிலிருந்து அவர்கள் என்னிடம் பேசுவதில்லை. சோறு வேண்டும் என்றால்கூட ரோஹிணியிடம் சொல்கிறார்கள். கேபிள் இணைப்பை வெட்டச் சொல்லிவிட்டார்கள். கடைசியாக என்னிடம் பேசியது, "அந்தச் சைக்கிளப் பாத்துப் பாத்துதான் நீ கெட்டுப்போன" என்பதுதான். யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

இரண்டு அம்மாக்களும் கையெழுத்து போடாததால் இரண்டு வக்கீல்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, குற்றம் சொல்லாமல் இருவரும் சம்மதித்துப் பிரிவதாக மனு எழுதிவிட்டார்கள். ஜூலை பதினேழு, அலிப்பூர் கோர்ட். நான் ரோஹிணியோடு வருகிறேன். தம்பியும் வருகிறான். அங்கே இரண்டு தரப்பும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார வேண்டும், தங்களோடு நான் பேசக் கூடாது என்று தம்பி மூலமாக இப்போதே சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
சகுந்தலா


டாலிகஞ்ச்
ஜூன் 14

அன்புள்ள சகுந்தலாவுக்கு,

இன்றைக்கு நான் பரம சுகம். முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மெட்ரோ பிடித்துப் போய், கரியாஹாட்டில் கூட்டத்தில் இடிபட்டு, உங்களுக்கு ஒரு தாந்த் கைத்தறிப் புடவை வாங்கி வந்தேன். நீல நிறம், நம் தண்ணிக்காரர் சட்டை நிறம்.

போன கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். உங்களைச் சந்தேகப்பட்டது எனக்கு வெட்கமாக இருக்கிறது. பேனாவை எடுத்துவிட்டு மூடினீர்களே, அது நான் செய்ததைவிடப் பெரிய காரியம். எனக்குக் கோபம் வந்தால் வாய் தானாக ஓடும். நீங்கள் பயந்துகொண்டே செய்திருக்கிறீர்கள்.

இனி ஒரு சிக்கல். பிள்ளைகள் கையெழுத்து போட்ட பிறகு உங்களை நான் என்னவென்று சொல்வது? சம்பந்தி என்று சொல்ல முடியாது. அக்கா, தங்கை, நாத்தனார் எதுவும் இல்லை. ஸ்மிதாவிடம் கேட்டேன். வங்காள மொழியில் சம்பந்தி அம்மாளுக்குப் பேயான் என்று பெயர். பிள்ளைகள் பிரிந்துவிட்டால் பேயானை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். "கூப்பிட மாட்டோம் மாஷிமா" என்றாள். கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் அவளுக்கு பிஸ்கட் கொடுக்க மறந்துவிட்டேன்.

கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு வாரம் ஒரு வண்டிதான், திங்கட்கிழமை. வழக்கு முடிந்து அந்தத் திங்கள் எல்லோரும் ஏறுவார்கள். அதற்கு மறுநாளிலிருந்து பந்தயத்தில் பெரிய மலைகள். அடுத்த ஞாயிறு பந்தயம் முடிகிறது. அதற்கு மறுநாளும் திங்கட்கிழமைதான், அன்றைக்கும் வண்டி உண்டு. சோபாவில் உங்கள் முனையில் நான் யாரையும் உட்கார விடுவதில்லை.

உங்கள்,
விஜயலக்ஷ்மி


கோவில்பட்டி
ஜூலை 5

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழைத்தண்ணீரில் நடக்கும்போது பார்த்து நடக்கவும்.

பந்தயம் இன்று ஆரம்பித்துவிட்டது. வீட்டில் டிவி இருட்டாக இருக்கிறது. வேலை முடிந்ததும் தபால் பை கட்டுகிற மேசைக்குப் பின்னால் நின்று வாஞ்சிநாதன் போனில் பார்த்தேன். அவரும் பார்த்தார். "இவங்க எதுக்கு மேடம் இப்பிடி ஓட்டுறாங்க?" என்று கேட்டார். நாளைக்கும் போடச் சொல்லியிருக்கிறேன்.

முதல் நாளே தண்ணிக்காரர் விழுந்துவிட்டார். முழங்கை கிழிந்து ரத்தம். எழுந்து சைக்கிளை நிமிர்த்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

தங்குவது பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை. வீட்டில் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆபீசில் மட்டும் மாதக் கடைசி வரை லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சகுந்தலா


டாலிகஞ்ச், கொல்கத்தா
ஜூலை 20

ரோஹிணி அப்பாவுக்கு,

சகுந்தலா எழுதுவது. நான் இங்கு சுகம். நீங்கள் பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? பிரிட்ஜ் மேல் நீல டப்பாவில் இருக்கிறது.

இதை ரோஹிணி கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளும் தம்பியும் நாளை கன்னியாகுமரி வண்டியில் கிளம்புகிறார்கள். நான் இந்த வண்டியில் வரவில்லை.

கோர்ட்டில் நடந்ததைத் தம்பி போனில் சொல்லியிருப்பான். அவன் பாதி கூட்டிச் சொல்வான், அதனால் நானே எழுதிவிடுகிறேன். வராந்தாவில் அவர்கள் ஒரு பெஞ்சு, நாங்கள் எதிர் பெஞ்சு. நடுவில் கறுப்புக் கோட்டுக்காரர்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். மழை பெய்தும் புழுக்கம் குறையவில்லை. விஜயலக்ஷ்மி மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கி, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். ரஞ்சன் தண்ணீர் வாங்கப் போய் வரவில்லை. என் பையில் பாட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எக்கா, எங்க போற?" என்றான் தம்பி.

"தண்ணி குடுக்க."

"அந்தப் பக்கமா? மச்சான் என்ன சொல்லி அனுப்பினாக?"

"சொன்னது ஞாபகம் இருக்கு. நீ உக்காரு."

நடுவில் இருந்தவர்களை விலக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் பாதியைக் குடித்துவிட்டு, "காலையில என்னை முழங்கையால இடிச்சவங்கதானே நீங்க?" என்று கேட்டார். வராந்தா முழுக்கக் கேட்கும்படி இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு நான் எங்கள் பெஞ்சுக்குத் திரும்பவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். நம் வக்கீல் வந்து கையை ஆட்டினார். அவர்கள் வக்கீலும் வந்து ஏதோ சொன்னார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. ரோஹிணி ஒரு பக்கம் நின்று எங்களையே பார்த்தாள். பாட்டிலோடு வந்த ரஞ்சனும் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் பார்த்து அவர்கள் சேர்ந்து சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கையெழுத்து போட்டார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. நம் பெண் மேல் ஒரு அவப்பெயரும் இல்லை. நீங்கள் கேட்ட கையெழுத்தை நான் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

சாயங்காலம் ஓட்டலுக்குப் போகாமல் பெட்டியோடு இங்கே வந்துவிட்டேன். ரோஹிணிதான் பெட்டியைத் தூக்கி டாக்சியில் வைத்தாள். "எம்மா, நீ இருந்து பாத்துட்டு வா. அப்பாவ நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

நேற்றும் மலை. தண்ணிக்காரர் கையில் கட்டோடு கடைசிக் கூட்டத்தில் வந்தார். நேரம் முடிய ரொம்பக் கொஞ்சமே இருந்தது. எதிர் ஃபிளாட் ஸ்மிதாவும் வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்து கத்தினாள். எல்லா டீம்காரர்களும் கலந்து, ஒருவர் விடாமல் வந்து சேர்ந்தார்கள். அவர் இன்னும் பந்தயத்தில் இருக்கிறார்.

பந்தயம் அடுத்த ஞாயிறு முடிகிறது. மறுநாள் வண்டி ஏறுவேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். பந்தய நேரத்தில் போன் எடுக்க மாட்டேன், வேறு நேரத்தில் பேசலாம்.

தெருவில் யாராவது நான் எங்கே என்று கேட்டால் சம்பந்தி வீட்டில் என்று சொல்ல வேண்டாம். அந்த உறவுக்குக் கையெழுத்து போட்டாகிவிட்டது. சிநேகிதி வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். கூசாமல் சொல்லுங்கள், உண்மைதான்.

அடுத்த ஜூலையில் விஜயலக்ஷ்மி நம் வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் கேபிள்காரரைக் கூப்பிட்டு இணைப்பைக் கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சகுந்தலா